மரத்துக்கு என்ன வயசு?

"இந்தப் பழமெல்லாம் வர்ற மரத்துக்கு என்ன வயசு இருக்கும்?"

கேட்டவர் இடுப்பு வரைக்கும் வெள்ளைத் தாடி வைத்த ஒரு ரப்பி, யூத மதகுரு. கேட்ட இடம், கிருஷ்ணகிரி பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஜூஸ் கம்பெனியின் பழம் இறக்கும் மேடை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம். பெங்களூரா மாம்பழம் ஏற்றின டிராக்டர்கள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கின்றன. எடை போடுகிற பையன் கத்துகிறான், டிரைவர்கள் திருப்பிக் கத்துகிறார்கள். நடுவில் இவர் மரத்துக்கு வயசு கேட்கிறார்.

ஜூஸ் கம்பெனி என்பது ஊர் வழக்கு. நாங்கள் ஒரு சொட்டு ஜூஸ் போடுவதில்லை. பழத்தைக் கழுவி, பழுக்க வைத்து, நறுக்கி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடு காட்டி, 215 கிலோ டிரம்மில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிறோம். நான் லேப். இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 14-க்குக் குறையாமல் இருக்கிறதா, புளிப்பு எவ்வளவு, கறுப்புப் புள்ளி எத்தனை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. பதினேழு சீசன் ஆகிறது. வெளிநாட்டுக்காரன் வாங்க வேண்டுமென்றால் கூழோடு ஒரு கட்டு சர்ட்டிபிகேட்டும் போக வேண்டும். அதில் ஒன்று கோஷர். யூதர்கள் சாப்பிடத் தகுந்தது என்ற சான்று. அதற்குத்தான் இவர் பெங்களூரிலிருந்து கார் பிடித்து வந்திருந்தார்.

நான் கை நீட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார். மனைவி, மகள் தவிர வேறு பெண்ணைத் தொட மாட்டாராம். சங்கடமே இல்லை, உடனே கும்பிட்டுவிட்டேன். அவரும் கும்பிட்டார். இந்த ஒரு விஷயத்துக்கு நம்ம ஊர் ரொம்ப சௌகரியம்.

மர வயசுக்கு வருகிறேன். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் மாங்கொல்லை உண்டு, அம்மாதான் பார்க்கிறாள். "ஒட்டுக் கன்னு வச்சா எத்தினி வருசத்துல காய்க்கும்மா?" என்றேன். "ரெண்டாம் வருசமே பூ வெக்கும். விடக்கூடாது. முதல் மூணு வருசம் பூவைக் கையால கிள்ளிப் போட்டுடணும். இல்லன்னா மரம் ஏறாது. இது எதுக்குடி இப்போ?"

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் கையிலிருந்த பாரத்தை, அதாவது கேள்விப் படிவத்தை, மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் வேதத்தில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறதாம்: மரம் நட்ட முதல் மூன்று வருடம் கனியைத் தொடாதே, நாலாம் வருடத்துக் கனி கடவுளுக்கு, ஐந்தாம் வருடத்தில் சாப்பிடு. ஓர்லா என்று பெயர். இஸ்ரேலுக்கு வெளியே, சந்தேகம் இருந்தால் துருவ வேண்டாம் என்பதுதான் விதி, பாரத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது, சும்மா ஆசைக்குக் கேட்டேன் என்றார். "உன் அம்மா எந்த வேதம் படித்தாள்?" என்று வேறு கேட்டார். எங்கம்மா படித்தது மூணாங்கிளாஸ்.

பாரத்தில் இருந்த கேள்விகள் வேறு. சிட்ரிக் ஆசிட் யாரிடம் வாங்குகிறீர்கள், அந்தக் கம்பெனிக்குக் கோஷர் உண்டா? (புளிக்க வைத்துச் செய்கிற பொருள், மூலம் கோதுமை மாவு என்றால் அவர்களுடைய பஸ்கா பண்டிகைக்கு ஆகாது.) பாய்லர் ஆவி வேறு எந்த லைனுக்குப் போகிறது? இந்தக் குழாயில் பால் ஓடியிருக்கிறதா? பழம் தன்னளவில் சுத்தம்தான், புழுவும் பூச்சியும் சேர்ந்துவிட்டால் போச்சு. சல்லடையை அவிழ்க்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் பாய்லர் ஆள் முனகிக்கொண்டே ஏணி பிடித்தார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடித்துப் பெங்களூர் திரும்புவதாகத் திட்டம். பாய்லர் வால்வு ஒன்று காலைவாரிவிட்டது. லைன் ஓடாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். மூன்று மணி, நாலு மணி. நாலரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தவர், "இனி நான் எங்கும் போக முடியாது" என்றார். ஓசூர் டிராபிக்கில் மாட்டினால் பொழுது சாய்ந்துவிடும், வெள்ளி பொழுது சாய்ந்தால் சப்பாத் என்ற ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதன்பின் வண்டியில் போகக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில்தான். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "கார்தான் இருக்கே சார்?" என்று மூன்று தடவை கேட்டார்.

அன்றைக்குச் சூரியன் மறைய ஆறே முக்கால். அதற்கு 18 நிமிஷம் முன்னால் கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டு மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். வாசற்கதவைத் திறந்தே வைத்திருந்தார், அந்நியப் பெண்ணோடு மூடின அறையில் இருக்கக் கூடாது என்பதால். நானும் சமையல்கார அத்தையும் வாசலை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டோம். வீட்டில் என்றால் மனைவிதான் ஏற்றுவாளாம், வெளியூரில் தனியாக மாட்டிக்கொண்டால் ஆண் ஏற்ற வேண்டியதுதான் என்றார். பையிலிருந்து இரண்டு முழு மத்சா, அப்பளம் மாதிரியான புளிக்காத ரொட்டி, எடுத்துத் துணியால் மூடினார். அவர்கள் முன்னோருக்கு வனாந்தரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் மன்னா என்ற வானத்து உணவு இரட்டைப் பங்கு விழுந்ததாம், அந்தக் கணக்கு இரண்டு.

பிறகு பாடினார். அறுபத்தெட்டு வயசுக் குரல், கொஞ்சம் உடைந்த குரல். மேசையை விரலால் தட்டிக்கொண்டு, தனக்கே பாடுகிற மாதிரி. மெட்டு பிடித்துக்கொள்ளும்படி இருந்தது, இரண்டாவது சுற்றில் அத்தை தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள். கடைசிச் சரணம் வந்ததும் சட்டென்று எழுந்து, திரும்பி, வாசலைப் பார்த்து இடமும் வலமும் குனிந்து வணங்கினார். அந்த நேரம் பார்த்து அத்தை தண்ணீர்ச் சொம்போடு சரியாக வாசற்படியில் நிற்கிறாள். பதறிப்போய்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளும் பயபக்தியோடு கும்பிட்டாள். பாட்டு முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி.

அவர் வணங்கியது சப்பாத்தை. ஓய்வு நாள் ராணி போல, மணப்பெண் போல வாசல் வழியாக வருகிறாளாம். 'லெகா தோதி' என்ற அந்தப் பாட்டை 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் என்ற மலையூரில் இருந்த ஷ்லோமோ அல்கபெத்ஸ் எழுதினார். முதல் எட்டுச் சரணங்களின் முதல் எழுத்தைக் கோர்த்தால் அவர் பெயர் வரும். அந்த ஊர் ஞானிகள் வெள்ளை உடுத்தி வயல்வெளிக்கே போய் சப்பாத்தை எதிர்கொண்டு அழைத்தார்களாம். மறுநாள் இதைச் சொன்னபோது, "அப்போ என்னை ராணின்னு நெனச்சிட்டாரா பெரியவர்?" என்று அத்தை கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

'நம்மகிட்டயும் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு, எல்லாம் ஒண்ணுதான்' என்று இந்த இடத்தில் யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நேராகப் போய்க் களிக்கு உலை வைக்கிறேன், துணி ஊற வைக்கிறேன், லேப் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அவர் ஏற்றியதும் எல்லாவற்றையும் நிறுத்தினார். நெருப்பு மூட்டக் கூடாது, எழுதக் கூடாது, அவிழ்க்கக் கூடாது, சுமக்கக் கூடாது என்று 39 வகை வேலை. போன் அணைந்து பெட்டிக்குள் போய்விட்டது. 25 மணி நேரம். சீசனில் அறுபது நாள் சேர்ந்தாற்போல் ஒரு லீவு இல்லாமல் வேலை பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பொறாமை.

ராத்திரி ஒரு கூத்து. பத்து மணிக்கு ரவுண்டு வந்த வாட்ச்மேன் அண்ணன், கரண்டு வீணாகிறதே என்று ஹால் டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அது வேண்டுமென்றே விட்டிருந்த விளக்கு. ரப்பி சுவிட்சைத் தொடக் கூடாது, இன்னொருவரிடம் போடச் சொல்லவும் கூடாது. இருட்டிலேயே தட்டுத் தடுமாறிப் போய்ப் படுத்திருக்கிறார். காலையில் விஷயம் தெரிந்து அண்ணன் துடித்துப்போனார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி!" சொல்லக் கூடாது என்பதுதானே விஷயம் என்று அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஷிப்டு இடைவேளையில் டீயோடு போனேன். அப்போதுதான் சொன்னார், அவர் பிறந்தது சாமி கும்பிடுகிற வீட்டில் இல்லை. அப்பா அம்மா சோஷலிஸ்டுகள், வீட்டில் சப்பாத் கிடையாது. 1973 போரில் கூட இருந்தவர்களை இழந்து திரும்பியவர், யாரோ கிடார் வாசிக்கிறார் என்று ஜெருசலேமில் ஒரு கூட்டத்துக்குப் போனார். அங்கே கேட்ட மெட்டுத்தான் நேற்றுப் பாடியது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் 'பால் தெஷுவா' என்று ஒரு பெயரே இருக்கிறது, திரும்புதலுக்கு உரியவன். அவர் தலைமுறையில் அப்படித் திரும்பியவர்கள் ஏராளம்.

அந்தக் கிடார்க்காரரைப் பற்றிப் பிறகு நானாகப் படித்தேன். ஷ்லோமோ கார்லபாக். 1925-இல் பெர்லினில் பிறந்தவர். அவரும் சல்மான் ஷாக்டர் என்ற இன்னொரு இளைஞரும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் லுபாவிச் ஹசிதிகளின் குருவிடம் இருந்தவர்கள். ஹசிதிசம் என்பது 18-ஆம் நூற்றாண்டில் உக்ரைன் பக்கத்தில் பால் ஷெம் தோவ் தொடங்கி வைத்த பக்தி மார்க்கம், படிப்பறிவில்லாதவனின் கண்ணீரும் பாட்டும் கடவுளை எட்டும் என்பது அதன் உயிர். ஹிட்லர் அந்த உலகத்தை ஊர் ஊராக அழித்தபின், மிச்சமிருந்த குரு 1949-இல் இந்த இரண்டு பேரையும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பினார், விட்டுப்போன பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்று. இரண்டு பேருமே போன இடத்தில் வேலி தாண்டிவிட்டார்கள். கார்லபாக் 60-களின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் ஹிப்பிகளுக்காக 'அன்பும் பிரார்த்தனையும்' என்ற பெயரில் ஒரு வீடு திறந்தார். அவர் மெட்டுகள் இன்றைக்குக் கட்டுப்பெட்டியான ஜெபாலயங்களில்கூட வெள்ளி மாலை ஒலிக்கின்றன.

அவர் இறந்தது 1994. 1998-இல் லிலித் என்ற யூதப் பெண்கள் பத்திரிகை, அவரால் பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்களின் வாக்குமூலங்களை வெளியிட்டது. சில ஜெபாலயங்கள் அவர் மெட்டைச் சில காலம் நிறுத்தியும் வைத்தன. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தப் பாட்டை முணுமுணுக்க வாய் வரவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை, அவள் இன்னும் பாத்திரம் தேய்க்கும்போது அதைத்தான் பாடுகிறாள்.

எனக்கு அதிகம் பிடித்துப்போனது இன்னொருவர், சல்மான் ஷாக்டர்-ஷலோமி. 1924-இல் அன்றைய போலந்தின் ஜோவ்க்வாவில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1941-இல் நியூயார்க் சேர்ந்தவர். 1962-இல் தனி வழி தொடங்கினார், அதுதான் பின்னால் யூதப் புதுப்பிப்பு இயக்கம் ஆனது. தியானம், ஆட்டம், வட்டமாக உட்கார்ந்து ஜெபம், ஆணும் பெண்ணும் சமம். கறுப்புக் கோடு போட்ட பழைய ஜெபச் சால்வைக்குப் பதில் வானவில் நிறத்தில் ஒன்றை நெய்ய வைத்தார். 1990-இல் ஒரு குழுவோடு தரம்சாலாவுக்கு வந்து தலாய் லாமாவைப் பார்த்திருக்கிறார். நாட்டை இழந்து இத்தனை நூற்றாண்டு எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினாராம் லாமா. ஜெருசலேம் கோயில் இடிந்தபின் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் யூதர்களுக்குப் பலிபீடம். நான் கெஸ்ட் ஹவுஸில் பார்த்த அதே மேசை.

புளிய மரத்தடியில் கிடார்க்காரரின் கூட்டாளி என்று இவர் பெயரைச் சொன்னபோதே எங்கள் ரப்பி முகம் சுளித்திருந்தார். "எங்க வீட்டுப் பிள்ளைதான். ஆனா கூரையைப் பிரிச்சுட்டு வெளிச்சம் வந்துச்சுன்னு சொல்றார்."

இந்த மறுமலர்ச்சிக்காரர்கள் செய்ததெல்லாம் எனக்கு ஒப்பாது. கொஞ்சம் அதிகமாகவே வட்டமாக உட்காருகிறார்கள். ஆனால் பெண்கள் கையில் எடுத்த ஒரு விஷயம் அருமை. ரோஷ் ஹோதெஷ், மாதப் பிறப்பு, நம் அமாவாசையை ஒட்டி வரும். அன்று பெண்கள் வேலை செய்ய வேண்டியதில்லை என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. பெரும்பாலும் மறந்து கிடந்ததை 1970-களில் அமெரிக்க யூதப் பெண்கள் தோண்டி எடுத்து, அந்த நாளில் கூடிப் படிக்கவும் பாடவும் தொடங்கினார்கள். கட்டிங் டேபிள் அக்காக்களிடம் இதைச் சொன்னேன். "மாசா மாசம் பொம்பளைக்கு லீவா? எந்தக் கோயிலு, எவ்ளோ தூரம்?" என்றாள் ஒருத்தி.

கட்டிங் டேபிள்தான் நான் சொல்ல வந்த விஷயம். பெங்களூராவில் காம்பு கிள்ளினதும் வடிகிற பால் தோலைப் பொத்துவிடும். எட்டு மணி நேரம் நறுக்குகிற கையில் விரலிடுக்கெல்லாம் வெந்து, கறுத்து, உரிந்து கிடக்கும். பிறகு பழத்தின் புளிப்புச் சாறு அந்தப் புண்ணில். டேபிளுக்கடியில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்போதும் இருக்கும், அதுதான் வைத்தியம். கையுறை கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள், அடுத்த வாரம் சீசன் முடிந்துவிடும். ரப்பி சல்லடையில் டார்ச் அடித்தபோது அந்த வெளிச்சம் இரண்டு தடவை அக்காக்களின் கை மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பாரத்தில் கட்டம் இல்லை.

சல்மான் பேரில் எனக்குப் பிடிப்பு வந்தது இதனால்தான். 'எக்கோ-கோஷர்' என்ற சொல் அவருடையது. பன்றியும் புழுவும் கலக்கவில்லை, சரி. மண்ணைக் கெடுத்து விளைத்தது கோஷரா, அணு உலை மின்சாரத்தில் சமைத்தது கோஷரா என்று கேட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் உழைப்பவன் கையையும் அந்தக் கேள்விக்குள் கொண்டு வந்தார்கள். 2008 மே 12 அன்று அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில், பெரிய கோஷர் இறைச்சிக்கூடம் ஒன்றில் குடியேற்றத் துறை புகுந்து 389 தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனது. இறைச்சி கோஷர், உள்ளே வேலை பார்த்தவர்கள் நிலைமை சொல்லும்படி இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. கூலி, பாதுகாப்பு, லீவு இவற்றையும் பார்த்து ஒரு கூடுதல் முத்திரை தர வேண்டும் என்று சில ரப்பிகள் அதற்கு முன்பிருந்தே பேசி வந்தார்கள், அந்தப் பேச்சு அப்போது சூடு பிடித்தது. முத்திரை கடைகளில் எடுபடவில்லை. கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது.

சனி இரவு, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் சப்பாத் முடியும். ஜூன் மேகத்தில் அவர் கழுத்து வலிக்கத் தேடினார், வாட்ச்மேன் அண்ணன்தான் முதலில் மூன்றாவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார், முந்தின ராத்திரிக்குப் பரிகாரமாக. முடிக்கும் சடங்குக்கு வாசனைப் பொருள் வேண்டும் என்றார், அத்தை ஒரு பிடி கிராம்பு கொடுத்தாள். பின்னின மெழுகுவர்த்தி இல்லாததால் இரண்டு திரியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விரலை மடக்கி அந்த வெளிச்சத்தில் தன் நகங்களைப் பார்த்தார். தட்டில் வழிந்த திராட்சைச் சாற்றில் சுடரை அணைத்தார். பத்து நிமிஷத்தில் போனை ஆன் செய்து வால்வு என்ன ஆச்சு என்று கேட்டார். ஞாயிறு காலையில் லைன் ஓடுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பிறகு அக்காக்களின் கையைப் பற்றி அவருக்கு ஒரு மெயில் போட்டேன். எக்கோ-கோஷர் என்று வேறு எழுதி வைத்தேன், கோபம் வரும் என்று தெரிந்தே. எட்டு நாள் கழித்துப் பதில். அந்த ஆள் பெயரை எடுக்கவே இல்லை. கூலிக்காரன் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்று உபாகமம் 24-இல் இருக்கிறது, அதுவும் சட்டம்தான், பன்றி எவ்வளவு சட்டமோ அவ்வளவு. ஆனால் என்னை அனுப்புகிறவர்கள் அதைப் பார்க்க அனுப்புவதில்லை என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: கையுறைக்கு என்ன செலவாகும்?

மேனேஜரிடம் போனேன். "கோஷர் லிஸ்ட்ல இருக்கா?" என்றார். இல்லை. "ஏற்றுமதிக்காரன் கேட்டானா?" இல்லை.

லிஸ்ட் போடுவது யார்? நான்தான். அடுத்த சீசனுக்கு எங்கள் உள் தணிக்கைப் படிவத்தில், அந்நியப் பொருள் கலப்பு என்ற தலைப்பின் கீழ், கையுறை, ஷிப்டுக்கு இரண்டு ஜோடி, தோல் உரிந்த கையோடு டேபிளில் நிற்க அனுமதி இல்லை என்று சேர்த்துவிட்டேன். உரிந்த தோல் கூழில் விழுந்தால் கண்டெய்னர் திரும்பி வரும் என்று ஒரு வாக்கியம் கூடுதலாக. நாலு நாளில் நீலக் கையுறை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அக்காக்களுக்காகக் கேட்டபோது வராதது கூழுக்காகக் கேட்டதும் வந்துவிட்டது. அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

இந்த வருடம் வந்தவர் வேறு ரப்பி, இளைஞர், வேக நடை. வியாழக்கிழமை வந்து வியாழக்கிழமையே கிளம்புகிற திட்டம். கட்டிங் டேபிளில் பன்னிரண்டு பேரில் நாலு பேர் கையில்தான் கையுறை, மற்றவர்கள் இடுப்பில் செருகி வைத்திருந்தார்கள். "கத்தி வழுக்குது மேடம், சைஸும் பெருசு." அவர் நீல நிறத்தைப் பார்த்துத் தலையாட்டி டிக் போட்டார். குனிந்து டேபிளுக்கு அடியில் டார்ச் அடித்தார். எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது என்ன எண்ணெய்? இதுக்குச் சர்ட்டிபிகேட் இருக்கா?"